அனுமதியற்ற எடை

உணவுச் சிகிச்சைத் துறையில் ஒரு நோயாளியின் பட்டியலிலிருந்து ஓர் உணவை நீக்க ஒரு கையெழுத்து போதும். நீக்கியதைத் திரும்பச் சேர்க்க ஏழு கையெழுத்துகள் வேண்டும். இந்த விதியை யார் எழுதியது என்று துறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அது கண்ணாடிச் சட்டமிட்டு, எடை பார்க்கும் இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தது. இயந்திரத்தில் ஏறி நிற்கும் யாரும் அதைப் படிக்காமல் இறங்க முடியாது.

லிஃப்ட் மெக்கானிக் முதல் நாளே அதைப் படித்தார். தவறேதும் தெரியவில்லை. லிஃப்டை நிறுத்த ஒரு பொத்தான் போதும். நின்றதை மறுபடி ஓட்ட மூன்று பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குக் குரோன் நோய். ஒன்பது வருடங்களாகக் குடலில் புண் வருவதும் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்து, சிறுகுடலில் ஓரிடம் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. தான் வேலை பார்க்கும் கட்டடங்களை அவர் மாடிக் கணக்கில் நினைவு வைத்திருப்பதில்லை. கழிவறை எந்தப் பக்கம், கதவு ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழுமா என்பதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்வார்.

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எட்டு அங்குலம் வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும். மருந்து போட்டுப் புண் கொஞ்சம் ஆறட்டும். பத்து வாரம் கழிச்சு வாங்க. அன்னைக்கு எடை அம்பது கிலோவுக்குக் கீழ இருந்தா நான் கத்தியைத் தொட மாட்டேன். சதை இல்லாத உடம்புல தையல் பிடிக்காது."

"இப்போ அம்பத்திரண்டு இருக்கேன் டாக்டர்."

"அதைக் காப்பாத்துங்க. தோலு, விதை, நாரு இல்லாம குழைய வேகவெச்சுச் சாப்பிடுங்க. டப்பாவுல வர்ற சத்துப் பானத்தைத் தவறாம குடிங்க. மத்ததை மூணாவது மாடியில சொல்வாங்க."

கூடப் போயிருந்த மனைவி கேட்டார். "ஆபரேஷன் பண்ணலேன்னா என்ன ஆகும்?"

மருத்துவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கும்" என்றார். குழாயை மூடிவிட்டுத் துண்டைத் தேடினார்.

மூன்றாவது மாடியில் பட்டியல் அலுவலர் இருந்தார். குழந்தையைத் தூங்கவைக்கும் குரல் அந்த அம்மாவுக்கு. நாற்பத்தொரு உணவுகள் அச்சிட்ட பட்டியலையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார். குறிப்பேட்டில் நேரம், உணவு, அளவு, வலி என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஆம் அல்லது இல்லை. அட்டையில் தடித்த எழுத்தில், 'எல்லா வலியையும் எழுதவும்.'

"எங்களுக்கு வேண்டியது உண்மை மட்டும்தான் சார்" என்றார் அலுவலர். "நீங்க உண்மையை எழுதுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

முதல் வாரம் ஒரு மாலை வயிறு வலித்தது. எழுதினார். அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் சாப்பிட்ட ஆறு உணவுகளையும் அலுவலர் அளவுகோல் வைத்து அடித்தார். கோடு நேராக விழுந்தது.

"ஆறுமா சேர்ந்து பண்ணியிருக்கும் மேடம்?"

"எது பண்ணுச்சுன்னு தெரியாதப்போ எதைத்தான் நம்பறது சார்?"

இரண்டாவது வாரம் ஸ்பேனர் நழுவிக் கட்டைவிரல் நசுங்கியது. அட்டையில் எழுதியிருந்ததை நினைத்து அதையும் எழுதிவைத்தார். எழுதும்போதே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் முப்பது வருடமாகப் பராமரிப்பு ஏட்டில் பொய் எழுதியதில்லை. அலுவலர் அரிசி, கேரட், மீன், இன்னும் நான்கு உணவுகளை அடித்தார். அவற்றில் சத்துப் பானமும் ஒன்று.

"மேடம், அது கட்டைவிரல்" என்று நீட்டிக் காட்டினார். நகம் கறுத்திருந்தது.

"தெரியுது சார். பாவம். ஆனா எங்க வலிச்சதுன்னு கேக்கற கட்டம் படிவத்துல இல்லையே."

"ஒண்ணு சேர்த்துக்கலாமே."

"படிவத்துல கட்டம் சேர்க்க ஏழு கையெழுத்து வேணும் சார்."

மனைவி துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தார். வாயில் ஊசியைக் கடித்தபடியே ஊசியைவிடக் கூர்மையாகப் பேசக்கூடியவர். அன்று மாலை கடையில் கணவரை நிற்கவைத்துக் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துப் பார்த்தார். ஓர் அங்குலம் கையோடு வந்தது.

"கட்டைவிரல் நசுங்கினதுக்குச் சோத்தை நிறுத்தின ஒரே ஆஸ்பத்திரி இதாத்தான் இருக்கும். தலை வலிக்குதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. மூச்சு விடறதையும் அடிச்சு விட்டுடுவாங்க."

"அவங்க படிச்சவங்க."

"நான் அளவெடுக்கறவ. என் கைக்குத் தெரியுது."

மூன்றாவது வாரம் அவர் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளப் பார்த்தார். ஏழு நாளும் 'இல்லை' என்று எழுதினார். அலுவலர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"குரோன் நோய்ல வலியே இல்லாத வாரம்னு ஒண்ணு எங்க அனுபவத்துல கிடையாது சார். எழுதாத வலிக்கும் எங்ககிட்ட ஒரு பிரிவு இருக்கு. அதுக்கு அஞ்சு உணவு."

அந்தப் பிரிவின் படிவம் மஞ்சள் நிறம். நிறைய அச்சடித்து வைத்திருந்தார்கள்.

காத்திருப்பு அறையில் உட்காருவதற்கு ஒரு வரிசை இருந்தது. யாரும் எழுதிவைக்காத வரிசை. பட்டியல் குறையக் குறைய ஆட்கள் முன்னால் வந்தார்கள். முதல் நாற்காலியில், ஓய்வுபெற்ற ஒருவர் கோட்டுக்குள் ஹேங்கரைப் போல உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள். நோயாளிகளின் பிரதிநிதியும் அவர்தான்.

"எத்தனை?" என்று கேட்டார் வாத்தியார்.

"இருபத்திமூணு."

"அப்போ பின்னால போங்க தம்பி. அங்க இன்னும் சமையல் பேச்சு பேசுவாங்க. உங்களுக்கு அதுதான் சரி."

"உங்களுக்கு எத்தனைங்க?"

"ரெண்டு. நாலு இருந்தப்போதான் கஷ்டமா இருந்துச்சு. எதைத் தின்னலாம், எதை விடலாம்னு மனசு அலையும். ரெண்டுக்கு வந்தப்புறம் ஒரு தெளிவு வந்துடுச்சு." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "படிதான் ஏற முடியல" என்றார்.

பின்வரிசையில் யாரோ தோசைக்கல் தேய்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பட்டியல் எட்டு உணவாகச் சுருங்கியிருந்தது, எடை நாற்பத்தெட்டு புள்ளி ஆறு. மெக்கானிக் அரிசியைத் திரும்பத் தரும்படி விண்ணப்பித்தார். குழு கூடியது. நீண்ட மேசையின் நடுவில் கேக்கும் வறுத்த முந்திரியும் பழத் துண்டுகளும் இருந்தன. ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது நாற்காலி காலி. மெக்கானிக்கை நிற்கச் சொன்னார்கள்.

"அரிசி" என்று படித்தார் துறைத் தலைவர். எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"ரொம்ப யோசிச்சுத்தான் செய்யணும்" என்றார் ஓர் உறுப்பினர். கேக் வாயில் இருந்ததால் மெல்லிய குரலில் சொன்னார்.

"அவசரப்பட்டா பின்னால வருத்தப்படுவோம்" என்றார் இன்னொருவர், முந்திரிக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "ஐயா, எனக்கு இன்னும் அஞ்சு வாரத்துல ஆபரேஷன். அம்பது கிலோ இல்லேன்னா பண்ண மாட்டேன்னு சொல்லிட்டாங்க. சோறு மட்டுமாவது திரும்பக் குடுத்தா ஏறிடுவேன்."

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நாங்க அனுபவத்தை வெச்சுத்தான் பேசறோம். முப்பது வருஷத்துல, நாங்க அனுமதிச்ச உணவு ஒத்துக்கலேன்னு மூணு புகார் வந்திருக்கு. ஒவ்வொண்ணும் எனக்கு இன்னும் மனசுல இருக்கு. நாங்க நிறுத்தின உணவால கெடுதல்னு ஒரு புகார் கூட வந்ததில்ல. நிறுத்தினதுக்கப்புறம் ஒருத்தர் கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். மெக்கானிக் அந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் வைத்துப் பார்த்தார். எங்கோ ஒரு கம்பி ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டிருக்கும்போது கேட்கும் சத்தம் அவருக்குப் பழக்கம். அது பெரிய சத்தமாக இருக்காது.

"ஏழாவது ஆள் வரலையே. யாருங்க அவரு?" என்றார்.

"நோயாளிகள் பிரதிநிதி. வாத்தியார். இன்னைக்குப் படியேற முடியலைன்னு சொல்லியனுப்பிட்டார். அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த வாரம் காத்திருப்பு அறையில் முதல் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

"வாத்தியார் வரலையா மேடம்?"

பட்டியல் அலுவலர் ஓர் ஏட்டை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் 'நிறைவு' என்று முத்திரை குத்தியிருந்தது. அலமாரியில் அந்தத் தட்டு முழுக்க அப்படிப்பட்ட ஏடுகள்தான்.

"அவர் பட்டியல் நிறைவாயிடுச்சு சார். ரொம்ப ஒத்துழைப்பா இருந்தவர். கடைசி ஒம்பது நாள் வலின்னு ஒரு வார்த்தை எழுதல."

அன்று மெக்கானிக்கின் எடை நாற்பத்தேழு புள்ளி மூன்று. பட்டியலில் வெள்ளை ரொட்டியும் வேகவைத்த பூசணியும் ஆப்பிள் கூழும் இருந்தன. "மூணுக்கு வந்துட்டீங்க" என்று அலுவலர் கைகுலுக்கினார். "இனிமே வாராவாரம் வர வேண்டாம். நாலுக்குக் கீழ போனவங்களை நாங்க எடை பாக்கறதில்ல. பட்டியலை வெச்சுக் கணக்குப் போட்டே எழுதிடுவோம். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.   மனைவி எழுந்துபோய் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலை உரித்து, வெண்ணெய் போட்டுக் கட்டியில்லாமல் மசித்தார். ஒரு முட்டையை அதில் கலந்தார்.

"பெரிய டாக்டர் என்ன சொன்னார்? தோலு, விதை, நாரு இல்லாம குழைய வேகவெச்சுச் சாப்பிடச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு ஞாபகமிருக்கு. சாப்பிடுங்க."

"பட்டியல்ல இல்லையே."

"நான் பட்டியலைப் பார்த்தா கட்டிக்கிட்டேன்? சாப்பிடுங்கன்னா சாப்பிடுங்க."

சாப்பிட்டார். வலி வருகிறதா என்று இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. மறுநாள் குழைந்த சோறும், சல்லடையில் வடித்த கோழிச் சாறும். ஒரு நாளைக்கு ஆறு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. சத்துப் பானத்தை வெளியே கடையில் வாங்கினார்கள். இரண்டு முறை வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, அவர் வியர்த்துப் படுத்துக்கொண்டார். சுருங்கிய இடம் தான் இருப்பதைத் தெரிவித்தது. மனைவி அன்றைக்கெல்லாம் நீராகாரமாக மட்டும் கொடுத்தார். பத்தாவது வாரம் கடையில் கால்சட்டையைப் பிடித்துப் பார்த்தபோது கையோடு ஒன்றும் வரவில்லை.

ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. மருந்துக் கடை இயந்திரம் அப்படித்தான் காட்டியது.

அறுவை மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தார். "நாப்பத்தாறு புள்ளி எட்டு. முடியாதே."

"அது கணக்குப் போட்டது டாக்டர். நான் உங்க முன்னாடியே நிக்கிறேன். பாருங்க."

மருத்துவர் அவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. "நாளைக்கு ஏதாவது ஆனா என்கிட்ட இதைத்தான் காட்டுவாங்க. மூணாவது மாடியில மாத்திட்டு வாங்க. ஆனா தாமதிக்காதீங்க, வயிறு உப்பியிருக்கு" என்றார்.

மூன்றாவது மாடியில் அவரை இயந்திரத்தில் ஏற்றினார்கள். இறக்கினார்கள். இயந்திரத்தை மாற்றி மறுபடி ஏற்றினார்கள். பட்டியல் அலுவலர் தலைவரை அழைத்துவந்தார். தலைவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மூணு உணவுல ஒரு மனுஷன் நாப்பத்தாறு புள்ளி எட்டுக்கு மேல இருக்க முடியாது. மிச்சம் நாலு புள்ளி நாலு கிலோ எங்க இருந்து வந்தது?"

"சாப்பிட்டேங்க."

"எதை?"

"உருளைக்கிழங்கு. சோறு. முட்டை."

"அதெல்லாம் பட்டியல்ல இல்ல."

"தட்டுல இருந்துச்சு" என்றார் மனைவி.

தலைவர் அவர் பக்கம் திரும்பவில்லை. "வலி இருந்துச்சா?"

"பெருசா இல்லீங்க."

தலைவரும் அலுவலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது இன்னும் மோசம்" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "தெரியாமலே உள்ள போயிருக்கு."

ஆகவே அது அனுமதியற்ற எடை என்று பதிவானது. ஐம்பத்தொன்று புள்ளி இரண்டிலிருந்து நாலு புள்ளி நாலு கழிக்கப்பட்டது. அந்த நாலு புள்ளி நாலு கிலோவுக்குத் தனியாக ஓர் ஏடு திறந்தார்கள்.

"இதை அனுமதிச்ச எடையா மாத்த வழியே இல்லையா ஐயா? எனக்கு நாளில்ல" என்றார் மெக்கானிக்.

"இருக்கே. குழுவுல ஏழு பேர் கையெழுத்துப் போட்டா ஒரு நிமிஷம். ஆனா ஏழாவது இடம் காலியா இருக்கு." தலைவர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "புதன்கிழமை நம்ம துறையோட ஆண்டு நாள். வருஷா வருஷம் ஒரு முன்மாதிரி நோயாளி பேசுவார். பேசறவரை அன்னைக்கே பிரதிநிதியா எடுத்துக்கறது வழக்கம். நீங்க மூணு உணவுல இருக்கீங்க. எடை குறையல. எங்களுக்கு இப்படி ஒருத்தர் இதுவரை கிடைச்சதில்ல."

"எடை ஏறினது உங்க பட்டியலால இல்லீங்களே."

"அந்த ஏடு என்கிட்டதான் இருக்கும்" என்றார் தலைவர். "யாரும் படிக்க மாட்டாங்க."

படிக்கட்டில் இறங்கும்போது மனைவி சொன்னார். "நல்லா யோசிச்சுக்கோங்க."  வெட்டியெடுக்க வேண்டிய அந்த எட்டு அங்குலம் அவருக்கும் தெரியும்.

புதன்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் புது நோயாளிகள். ஒவ்வொருவர் மடியிலும் புதுக் குறிப்பேடு. கன்னங்கள் இன்னும் கன்னங்களாக இருந்தன.

தலைவர் பேசினார். "இந்த வருஷம் நம்ம துறையில வலி பதிவான நாட்கள் அறுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. நம்மகிட்ட வர்ற நோயாளிகள் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவு குறைஞ்சிருக்கு. சில பேர் ரெண்டையும் சேர்த்துப் பாக்கறாங்க. நான் அதை ரெண்டு தனித்தனிச் சாதனையாத்தான் பாக்கறேன்." கைதட்டல் எழுந்தது. "உணவு ஒரு ஆபத்து. அதை யாராவது ஒருத்தர் துணிச்சலாச் சொல்லணும். நாம சொன்னோம்."

பிறகு மெக்கானிக்கை அழைத்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். நான்கு வரிகள். மைக்கின் முன்னால் நின்றபோது கடைசி வரிசையில் மனைவி தெரிந்தார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, ஒன்றும் தைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஐம்பத்திரண்டு கிலோவுடன் வந்தேன்" என்று படித்தார். "இன்று மூன்று உணவுகளுடன் ஐம்பத்தொரு கிலோவுக்கு மேல் இருக்கிறேன். எனக்கு வலி இல்லை."

அப்போது அவர் வயிற்றில் ஏதோ உருண்டு சுருங்கிய இடத்தில் முட்டியது. மைக் அதைப் பிடித்து அரங்கம் முழுக்க அனுப்பியது. பெரிய கட்டடத்தின் அடியில் தண்ணீர் நகர்வதுபோல ஒரு சத்தம். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது கடந்துபோகும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"பட்டியலே என் மருந்து" என்று படித்து முடித்தார்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையிலேயே அவரை ஏழாவது உறுப்பினராக அறிவித்தார்கள். கேக் இருந்த தட்டைத் தள்ளிவைத்து ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். ஏழாவதாக, தன் எடை தன்னுடையதுதான் என்று அவரே கையெழுத்திட்டார். அறுவைக்கான தேதிக் கடிதமும் தயாராக இருந்தது. முத்திரை மட்டும் பாக்கி. அது கதவோரம் ஒரு மேசையில் பட்டியல் அலுவலரிடம் இருந்தது.

மேசைக்கு முன்னால் நின்றபோது பக்கத்தில் ஒரு தபால்காரப் பெண் வந்தாள். சீருடையில், தோளில் காலிப் பையோடு இருந்தாள். கையில் குறிப்பேடும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்.

"அண்ணா, நீங்க பேசினதைக் கேட்டதும்தான் தைரியம் வந்துச்சு. எனக்கும் ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாதாம். நாப்பத்தாறு இருக்கேன்." டப்பாவைத் திறந்தாள். மசித்த உருளைக்கிழங்கு. மேலே உருகிய வெண்ணெய் பளபளத்தது. "இது பட்டியல்ல இருக்கு. ஆனா இன்னைக்குக் காலையில லேசா வலிச்சுது. எங்க வீட்டுக்காரர் சாப்பிடு சாப்பிடுங்கறார். இதைச் சாப்பிடட்டுமா, வேண்டாமா? நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

பட்டியல் அலுவலர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி எடுத்திருந்தார். அது கடிதத்துக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. அவர் மெக்கானிக்கைப் பார்த்துப் புன்னகைத்தார். அவசரப்படுத்தவில்லை.

மெக்கானிக் திரும்பி அரங்கின் கடைசி வரிசையைப் பார்த்தார். நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. மனைவி எழுந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்திலிருந்து அவர் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

"அண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

 மெக்கானிக்கின் வயிறு மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது.

"குப்பைத்தொட்டி அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கும்மா" என்றார்.

அவள் போய் டப்பாவைக் கவிழ்த்தாள். ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. முத்திரை விழுந்தது.

"வியாழக்கிழமை காலை ஆறு மணி சார்" என்றார் அலுவலர், கடிதத்தின் மேல் மெல்ல ஊதி மையைக் காயவைத்துக்கொண்டே.

அவர் அலுவலருக்கு நன்றி சொன்னார். தபால்காரப் பெண் காலி டப்பாவைத் துடைத்தபடி திரும்பி வந்து அவருக்கு நன்றி சொன்னாள்.